களிமண்ணின் வெப்பக் கோடு: வெப்ப வேற்றுமை ஆய்வுக் கருவி

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து பொம்மையாகவும் பாத்திரமாகவும் உருப்பெறும் வெண்களிமண், அக்கினியினூடே எந்தெந்தக் கட்டத்தில் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை ஊகத்திற்கு விடாமல் கோடாக வரைந்து காட்டுவது இக்கருவி. ஒரே உலையில் அருகருகே அமைந்த இரு சிறு கிண்ணங்களுள் ஒன்றில் களிமண்ணையும், மற்றொன்றில் வெப்பத்தால் மாறுதலடையாத அலுமினாத் தூளையும் இட்டு, இரண்டையும் ஒரே சீராகச் சூடேற்றிவர, அவற்றிடையே தோன்றும் வெப்பநிலை வேற்றுமையை மெல்லிய பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டினம்-ரோடியக் கலவைக் கம்பியையும் இணைத்த வெப்ப மின்னிரட்டைகள் உணர்த்துகின்றன. ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியஸ் வரையில், படிகத்துள் பிணைந்திருந்த நீர் வெப்பத்தை உண்டு வெளியேறுவதால் கோடு பள்ளமாகத் தாழ்கிறது. 980 பாகையை ஒட்டிப் புதிய படிகங்கள் பிறக்கையில் வெப்பம் வெளிப்படுவதால் கோடு கூரிய சிகரமாக எழுகிறது.

1887-இல் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி லெ ஷாத்தலியே களிமண்ணை ஆராயக் கையாண்ட முறையை, 1899-இல் ஆங்கில உலோகவியல் நிபுணர் இராபர்ட்ஸ் ஆஸ்டின் இரு மின்னிரட்டைகளை எதிரெதிராக இணைத்து நுட்பமாக்கினார். இதன் வழிவந்த கலோரிமானிகளே இன்று பிளாஸ்டிக் இளகும் வெப்பநிலையையும், திரவப் படிகங்கள் நிலைமாறும் வெப்பநிலையையும் அளக்கின்றன. 1977-இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியலாளர் சந்திரசேகர் குழுவினர், வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தை உலகிற்கு அறிவித்தபோது, ஒளியியல், எக்ஸ்-கதிர்ச் சோதனைகளோடு வெப்ப அளவீடும் பிரமாணமாயிற்று.