வெறுங்கால் லெஃப்ட் அவுட்!

ஆம்பூர் என்றால் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எனக்கு, என் கிளாஸ்மேட் லெஃப்ட் அவுட்!

ஊரே உலகத்துக்கு ஷூ தைக்கிறது. அவன் ஆடியதோ வெறுங்காலோடு. கார்னர் அடித்தால் பந்து வளைந்து நேரே கோலுக்குள் போகும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டும் ஃபிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள். பி.டி. மாஸ்டர் இதைச் சொன்னதிலிருந்து, 'நாம அந்தப் பரம்பரைடா!' என்பான்.

பத்தாவது பாதியில் அவன் அப்பா படுத்துவிட்டார். பையன் தோல் ஷாப்புக்குப் போனான். அவனில்லாத ஃபைனலில் எங்களுக்கு 0-4.

சமீபத்தில் பார்த்தேன். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனாம். காலில் ஹவாய் செருப்பு.

"இப்பவும் ஷூ போடலையா?"

சிரித்தான். "ஊரான் காலுக்கு வெட்டியே வயசாயிடுச்சு மச்சான்!"

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.