ரிலே

ரிலே என்பது ஒரு சுற்றில் பாயும் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு மற்றொரு சுற்றைத் திறக்கவும் மூடவும் பயன்படும் மின்காந்த நிலைமாற்றி ஆகும். இது தமிழில் உணர்த்தி என்றும் அழைக்கப்படுகிறது.

அமைப்பு

தேனிரும்பு உள்ளகம் ஒன்றின் மீது காப்பிடப்பட்ட செப்புக்கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன் எதிரே ஆர்மெச்சூர் எனப்படும் அசையும் இரும்புத் தகட்டை ஒரு சுருள்வில் விலக்கிப் பிடித்திருக்கும். தகட்டுடன் அசையும் தொடுமுனை பொது முனை எனப்படும். சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது பொது முனையைத் தொட்டிருப்பது இயல்பாக மூடிய முனை. தொடாமல் இருப்பது இயல்பாகத் திறந்த முனை.

இயங்கும் முறை

சுருளில் மின்னோட்டம் பாயும்போது உள்ளகம் காந்தமாகித் தகட்டை ஈர்க்கிறது. பொது முனை, மூடிய முனையை விட்டு விலகித் திறந்த முனையைத் தொடுகிறது. மின்னோட்டம் நின்றதும் தேனிரும்பு தன் காந்தத்தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடுவதால், சுருள்வில் தகட்டைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும்.

மின்னோட்டம் திடீரென நிறுத்தப்படும்போது சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இது சுருளை இயக்கும் திரிதடையத்தைப் பழுதாக்கக்கூடும். எனவே நேர்மின்னோட்டச் சுற்றுகளில் சுருளுக்குக் குறுக்கே, வழங்கும் மின்னழுத்தத்திற்கு எதிர்த்திசையில், ஓர் இருமுனையம் இணைக்கப்படுகிறது.

வரலாறு

1835 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் சோசப் என்றி ரிலேயை உருவாக்கினார். நெடுந்தொலைவு கடந்து வலுவிழந்த தந்திக் குறிப்புகளைப் புதிய மின்கலத்தின் ஆற்றலோடு மேலே அனுப்ப இது உதவியது. 1941 இல் செருமனியில் கொன்ராட் சூசு உருவாக்கிய இசட்3 கணினி, 2,000க்கும் மேற்பட்ட ரிலேக்களால் ஆனது.

பயன்பாடுகள்

தானுந்துகளின் முகப்பு விளக்கு, ஒலிப்பான் ஆகியவற்றில் ரிலே பயன்படுகிறது. 12 வோல்ட்டில் ஏறத்தாழ 150 மில்லிஆம்பியர் மட்டுமே ஏற்கும் சுருளைக் கொண்டு 30 ஆம்பியர் வரையிலான மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த முடியும்.

தொடருந்துச் சைகைகளில் ரிலேயின் ஓய்வுநிலையே பாதுகாப்பு நிலையாகக் கொள்ளப்படுகிறது. 1872 இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச்சுற்றில், இரு தண்டவாளங்களின் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் ரிலேயை ஈர்த்த நிலையில் வைத்திருக்கும். தொடருந்து நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் தண்டவாளங்களைக் குறுக்கே இணைப்பதால், ரிலேக்கு மின்னோட்டம் கிட்டாமல் தகடு விழுகிறது, சைகை சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும் மின்கலம் தீர்ந்தாலும் இதே விளைவு ஏற்படும். இதனால் இத்தகைய பழுதுகள் தொடருந்தை நிறுத்துமே தவிர, தவறாக வழிவிடுவதில்லை.