வன்தட்டைத் துடைக்குமுன்

தமிழாசிரியன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பட்ட துன்பமே எழுதத் தூண்டிற்று. 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு விண்டோஸ் 10 இற்குரிய பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதன்பின் பழைய கணினியிற் புதிய பணிசெயல் முறைமையை நிறுவ முனைவோர் பலர். அவர்கள் பெரிதும் இடறுவது, "இத்தட்டில் நிறுவ இயலாது" என்று கணினி மறுக்கும் இடத்திலேயாம். மறுப்பைக் கண்டதும் தட்டைத் துடைத்து வடிவமைக்கப் புகுவது நம்மவர் இயல்பு. அது பெரும்பாலும் வேண்டாத வேலை.

வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படியே வன்தட்டுக்குப் பிரிவுகள். எப்பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை எழுதிவைத்த தோம்பு ஒன்று தட்டின் தொடக்கத்தில் உண்டு. 1983 இல் வழக்கிற்கு வந்த பழைய தோம்பு எம்.பி.ஆர். எனப்படும். அது நான்கு முதன்மைப் பிரிவுகளையே ஏற்கும். பொதுவாக இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட நிலத்தை அளக்கமாட்டாது. புதிய தோம்பாகிய ஜி.பி.ரி., விண்டோஸில் 128 பிரிவுகள் வரை கொள்ளும். தன் படியொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்திருக்கும்.

கணினி விழித்தெழும் வழியும் இரண்டு: பழைய பயோஸ், புதிய யூ.ஈ.எவ்.ஐ. விண்டோஸ் நிறுவுங்கால் முன்னதற்கு எம்.பி.ஆர்., பின்னதற்கு ஜி.பி.ரி. என்பதே பொருத்தம். பொருத்தம் பிழைத்தால் மறுப்பு எழும். அப்போது பழுது தட்டிலன்று, நாம் புகுந்த வாயிலிலேயே உள்ளது. நிறுவற் கோப்புகளைக் கொண்ட யூ.எஸ்.பி. கோல் தொடக்கப் பட்டியலிற் பல கணினிகளில் இருமுறை தோன்றும். ஒன்றின் முன் யூ.ஈ.எவ்.ஐ. என்றிருக்கும், மற்றதன் முன் இராது. முன்பு தெரியாததைத் தெரிந்து மீளத் தொடங்கினால் மறுப்பு நீங்கும்; ஒரு கோப்பும் அழியாது.

விண்டோஸ் 11 யூ.ஈ.எவ்.ஐ. வழியையே வேண்டுவது. ஆதலின் பழைய தோம்பை மாற்றியே ஆகவேண்டிய நிலையும் நேரும். கோப்புகளை அழிக்காது அதனை மாற்றும் எம்.பி.ஆர்.2ஜி.பி.ரி. எனும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10 உடனேயே வருகின்றது. முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேற்படலாகாது. மாற்றியபின் கணினியின் அமைப்பிலும் யூ.ஈ.எவ்.ஐ. வழியைத் தெரிதல் வேண்டும். எதற்கும் முன்னர்ப் படியொன்று வேறிடத்தில் எடுத்து வைக்க.

நிற்க. இவற்றை அறியாத காலத்தில் யான் செய்தது வேறு. என் கணினியில் தட்டுகள் இரண்டு. ஒன்றில் விண்டோஸ், மற்றதிற் பல்லாண்டு வினாத்தாள்களும், கிளிவெட்டி முதியோர் பாட யான் ஒலிப்பதிவு செய்த நாட்டார் பாடல்களும். முதற்றட்டைத் துடைக்கக் கருதி, 'டிஸ்க்பார்ட்' கருவியில் ஒன்று என இலக்கமிட்டுக் 'கிளீன்' என்று கட்டளையிட்டேன். கணினியோ பூச்சியத்திலிருந்து எண்ணுவது. ஒன்று என்றது இரண்டாந் தட்டை. அக்கட்டளை "உறுதிதானா?" என்று வினவுவதுமில்லை. பட்டியலிற் கொள்ளளவைப் பார்த்திருந்தால் தட்டை அறிந்திருப்பேன். மற்றதன் வடத்தைக் கழற்றி வைத்திருந்தால் இன்னும் நன்று.

'கிளீன்' அழித்தது தோம்பை. விளைந்த நெல் வயலிலேயே கிடந்தது. அந்நிலையில் நிறுத்தியிருந்தால் 'டெஸ்ற்டிஸ்க்' எனும் இலவச மென்பொருள் பழைய வரம்புகளைத் தேடித் தந்திருக்கக்கூடும். திண்மநிலைத் தட்டாயின் அந்நம்பிக்கையும் குறைவு. யானோ அதன்மேல் விண்டோஸையும் நிறுவிவிட்டேன். பின்னர் 'போட்டோரெக்' கொண்டு தேடியபோது ஒலிப்பதிவுகளிற் சில கிடைத்தன. ஆயினும் கோப்புகளின் பெயர்கள் மீளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, குரலைக் கொண்டே பாடியவரை அறிந்து, இப்போதும் பெயரெழுதி வருகின்றேன்.