கொரியாவின் மாலைப் பள்ளிகள்

பரபாஷையைக் கற்பது வேறு. பரபாஷைக்கு அடிமையாவது வேறு. இவ்விரண்டிற்குமுள்ள பேதத்தைத் தென் கொரியாவின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது. 1910 முதல் 1945 வரை அந்நாடு ஜப்பானியர் ஆட்சியில் அவதியுற்றது. அவ்வாட்சியின் பிற்பகுதியில் பாடசாலைகளினின்றும் கொரிய பாஷை அகற்றப்பட்டது. 1942-ல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த பாஷா சங்கத்துப் பண்டிதர்கள் கைது செய்யப்பட்டனர். இத்தகைய கொடுமையை அனுபவித்த ஜனங்கள், விடுதலை பெற்றதும் தங்கள் பள்ளிகளில் சொந்தப் பாஷையையே போதனா பாஷையாக்கியதில் வியப்பில்லை.

ஆயினும் அவர்கள் ஆங்கிலத்தைப் புறக்கணிக்கவில்லை. 1997 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே அது ஒரு பாடமாயிற்று. அது போதாதென்று கருதும் பெற்றோர், பள்ளி விட்டதும் தம் சிறுவர்களை 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் போதனா நிலையங்களுக்கு அனுப்புகின்றனர். 1980-ல் ராணுவ சர்க்கார் தனிப்போதனையைத் தடுத்தது. அத்தடை செல்லாதென்று 2000-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் பள்ளி மாணவரில் நூற்றுக்கு 80 பேர் ஏதேனும் ஒரு பாடத்தில் தனிப்போதனை பெற்றனர். அதற்கான மொத்தச் செலவு சுமார் 29 லட்சம் கோடி வொன்! சியோல் நகரில் இரவு 10 மணிக்குமேல் இந்நிலையங்கள் வகுப்பு நடத்தலாகாதென்று விதி செய்ய நேர்ந்ததெனில், குழந்தைகள் சுமக்கும் பாரம் எத்தகையதென்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, அங்கே கற்பிப்போர் யார்? ஆங்கிலத்தைத் தாய்பாஷையாகக் கொண்டவையென்று கொரிய சர்க்கார் ஏற்றுள்ள ஏழு தேசங்களின் பிரஜைகளுக்கே, அயல்நாட்டாருள், அந்நிலையங்களில் ஆங்கில உபாத்தியாயராகப் பொதுவாக அனுமதி கிடைக்கும். அவர்களுக்குப் பட்டம் ஒன்றிருந்தால் போதும். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி அவசியமில்லை. இந்தியர் அவ்வேழில் சேரார். 2010-ல் அமலுக்கு வந்த வர்த்தக உடன்படிக்கை, பள்ளிகளில் ஆங்கில உதவி உபாத்தியாயராகும் வழியை மட்டுமே நம்மவர்க்குத் திறந்தது. பாஷையின் திறமையைப் பிறந்த மண்ணைக்கொண்டு அளப்பது நியாயமாகுமா? கற்பிக்கும் ஆற்றலன்றோ அளவுகோலாதல் வேண்டும்?

இக்குறைகளைக் கொரியரிடமிருந்து நாம் இரவல் வாங்க வேண்டாம். அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அறிவை அவர்கள் தாய்பாஷையில் பெறுகின்றனர். ஆங்கிலத்தை ஒரு கருவியாகப் பயில்கின்றனர். நம் நாட்டிலோ, எழுத்தறியாப் பருவத்திலேயே குழந்தையை ஆங்கிலத்தின் வாயிலாக எண்ணும் எழுத்தும் கற்கச் செய்து, அதையே கௌரவமென்று கருதுகிறோம். ஆங்கிலம் நன்றாய்க் கற்பிக்கப்பட வேண்டும். ஏழைச் சிறுவனுக்கும் அது கூலியின்றிக் கிட்ட வேண்டும். ஆனால் அவன் சிந்திப்பது தமிழிலேயே ஆகட்டும். இதற்காக உழைப்பது தேசபக்தர் ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.