பிள்ளைகளின் எடையும் ஊரின் பொறுப்பும்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள ஒரு குப்பத்தின் பள்ளி வாயிலில், ஒரு மாலைப் பொழுதில் நின்றிருந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் எதிரேயிருந்த பெட்டிக்கடைக்கு ஓடினர். ஒருவன் வறுவல் பொட்டலம் வாங்கினான்; மற்றொருவன் வண்ணக் குளிர்பானம் வாங்கினான். சற்றுத் தொலைவில் அவர்களுடைய அன்னையர் இறாலையும் நண்டையும் மடவை மீனையும் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தனர். நல்ல உணவு ஊரை விட்டுப் போகிறது. ஆகாத உணவு ஊருக்குள் வருகிறது.

"உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடற்பருமனா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நெடுங்காலம் நமக்குப் பசியே பெரும்பகையாக இருந்தது. அதை வெல்லவே 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் தோன்றின. அப்பகை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அதற்குள் மற்றொன்று வந்து நிற்கிறது. சென்னையில் 51 பள்ளிகளைச் சேர்ந்த 18,955 மாணவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21.4 பேரும், அரசுப் பள்ளிகளில் 3.6 பேரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். வளமுள்ள இல்லங்களில் முதலில் புகுந்த தீங்கு, மலிவான பொட்டலங்களின் வழியே எளியோர் வீட்டையும் எட்டக்கூடும். ஆகவே வருமுன் காக்க வேண்டிய காலம் இதுவே.

மிகை எடையைக் கண்ணால் மட்டும் கணித்தல் தவறு. கிலோகிராம் எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 30 கிலோ எடையும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ 21 வரும். வளர்ந்தவருக்கு இது இயல்பான அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கோ இது மிகை. ஆதலால் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே அளவிட வேண்டும். இளமைப் பருமன் பின்னாளில் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழி வகுக்கும்.

இங்கே என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பருத்த பிள்ளையை மற்றவர்கள் பட்டப்பெயரிட்டு அழைத்தபோது, ஆசிரியனாகிய நானும் சிரித்ததுண்டு. கடையை வாயிலில் வைத்தவர்கள் நாம். விளையாடும் திடலைச் சுருக்கியவர்களும் நாம். பழியைச் சுமந்தவனோ சிறுவன்.

இந்நிலையை மாற்ற விதியும் உண்டு. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவருக்கு விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்தது. ஆனால் ஊர் ஒப்பாத விதி ஏட்டிலேயே கிடக்கும்.

ஊர் ஒப்பி நடக்கும் விதிக்கு இவ்வேரி மக்கள் புதியவர் அல்லர். மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கத்தை அவர்கள் தலைமுறைகளாகப் போற்றி வருகின்றனர். வலிமையுள்ளவனே நல்ல இடத்தை வளைத்துக் கொள்ளாதபடி ஊர்க்கூட்டம் காக்கிறது. ஏரிக்கு முறை வகுக்கத் தெரிந்தவர்களுக்குப் பள்ளி வாயிலுக்கு முறை வகுப்பது அரிதோ?

ஊர்க்கூட்டம் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை கிராம செவிலியரைக் கொண்டு பிள்ளைகளை அளந்து, முடிவைப் பெற்றோரிடம் தனியே சொல்லலாம். பெட்டிக்கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்காமல், சுண்டலும் கடலை உருண்டையும் வாழைப்பழமும் விற்க அவருக்குத் துணை செய்யலாம். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஆணும் பெண்ணும் ஓடியாடத் திடலொன்றை ஒதுக்கலாம். இவற்றோடு, விற்பனைக்குப் போகும் மீனில் ஒரு பங்கைத் தாய்மார் வீட்டுக் குழம்புக்கென எடுத்து வைப்பாராயின், பாதி வெற்றி அடுக்களையிலேயே கிட்டிவிடும்.