தறியில் பாவு இருக்கையில்

நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் முன்னாளில் தபால்காரர் கொண்டுவந்த நீண்ட உறைக்கு எத்தகைய மதிப்பு இருந்ததோ, அத்தகைய மதிப்பு இன்று கைப்பேசியில் வரும் இரண்டு வரிச் செய்திக்கு இருக்கின்றது. “வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரவும்” என்னும் செய்தியைக் கண்டதும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகின்றது. அடுத்த கணமே கவலையும் எழுகின்றது. தறியில் பாவு ஏறியிருக்கின்றது. சங்கத்தில் ஒப்படைக்க வேண்டிய சேலை பாதியில் நிற்கின்றது. அல்லது மனையில் பட்டுப்புழு இரவும் பகலும் இலை கேட்டுக்கொண்டிருக்கின்றது. போவதா, இருப்பதா?

நம் அங்கத்தினர் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் பெருகியிருக்கின்றார்கள். சேலத்தில் 1960ஆம் ஆண்டு தோன்றிய கைத்தறித் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் உண்டு. கல்லூரிப் பட்டம் பெற்றுத் தறியில் அமர்ந்திருப்போரும் உண்டு. அவர்கள் வேறு வேலை தேடுவதைக் குறையாக நினைக்க வேண்டுவதில்லை. ஆனால், கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு மற்றொரு வேலைக்கு முயல்வதற்கு ஒரு முறை இருக்கின்றது. அதை எவரும் கற்பிக்காததனால் நேரும் இழப்பைப் பற்றியே இக்கட்டுரை.

இரு வகைத் தவறு

இத்தகைய சமயத்தில் இளைஞர் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, எவரிடமும் சொல்லாமல் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவது. மற்றொன்று, பதில்கூட எழுதாமல் வாய்ப்பை விட்டுவிடுவது. முன்னது கையிலிருக்கும் வேலையைக் கெடுக்கின்றது. பின்னது வரவிருக்கும் வேலையைக் கெடுக்கின்றது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அழைப்பில் கண்ட நாள் தலையெழுத்துப் போல மாறாதது என்னும் எண்ணம்.

மாற்றக்கூடிய நாளும் உண்டு, மாற்ற முடியாத நாளும் உண்டு. அவ்வாறே, நம் தொழிலிலும் காத்திருக்கும் வேலை உண்டு, காத்திராத வேலையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தவருக்குச் சிக்கலில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

காத்திருக்கும் வேலையும் காத்திராத வேலையும்

தறியை எடுத்துக்கொள்வோம். பாவு ஏறிய தறி ஒரு நாள் சும்மா இருந்தால் துணி கெட்டுப்போவதில்லை. எலியும் ஈரமும் அணுகாமல் மூடிவைத்தால் போதும். நட்டம் நெய்பவரின் ஒரு நாள் கூலிதான். ஆயினும் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதன்று. காஞ்சிபுரத்துச் சேலையில் உடலின் வண்ணம் முடிந்து முந்தியின் வண்ணம் தொடங்கும் இடத்தில், பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலையைத் தொடங்கிவிட்டால் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடுவதால் உடன் ஒருவர் அமர வேண்டும். நெய்பவர் வெளியூர் போனால் அந்தத் துணையாளின் கூலியும் போகின்றது. ஆதலின் அவருக்கு முன்னரே சொல்லிவிடுவது கடமையாகும்.

கஞ்சியிட்டு விடியற்காலையில் தெருவில் நீட்டிய பாவோ காத்திராது. வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்து உலர்த்தியாக வேண்டும். ஐந்தாறு பேர் கூடிச் செய்யும் வேலையில் ஒருவர் நழுவினால் அனைவர் உழைப்பும் கெடும். சாயத் தொட்டியும் அத்தகையதே. கொதிநீரில் நூலை இறக்கிய பின் பாதியில் விட்டுச் சென்றால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும்.

பட்டுப்புழு வளர்ப்போர் நிலை இன்னும் தெளிவானது. புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டும் வரையுள்ள ஏறத்தாழ நான்கு வாரத்தில் அது நான்கு முறை தோலுரிக்கின்றது. தோலுரிக்கும் பொழுது ஏறத்தாழ ஒரு நாள் அது இலை உண்பதில்லை. அதற்குப் பின் வரும் ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளிலோ, தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் பெரும்பங்கை உண்டு தீர்க்கின்றது. அந்த நாட்களில் வீட்டை விட்டு நகர்வது கூடாது. புழு தூங்கும் நாளில், மனையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துவிட்டுப் போய் வரலாம். கூடு கட்டிய பின்னரும் மூன்று நான்கு நாள் ஓய்வு உண்டு. ஆனால் அறுவடையைத் தள்ளிப்போட்டு அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்துவிட்டால் அக்கூட்டிலிருந்து இழையை முறையாக எடுக்க இயலாது. புழு பொரிந்த தேதி தெரிந்தால் இவ்வளவையும் முன்கூட்டியே கணக்கிட்டு நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் அன்றே இதைச் செய்துவைப்பது நலம். அழைப்பு வந்த பின் பதறி யோசிப்பவருக்கு நல்ல நாள் புலப்படாது.

எந்த நாள் மாறும்?

அரசு சார்ந்த தேர்வுகளில் குறித்த நாள் பெரும்பாலும் மாறாது. நூற்றுக்கணக்கானோரை வரிசைப்படுத்தி அழைக்கும் இடத்தில் ஒருவருக்காக நாளை மாற்றுவது அரிது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வு இல்லை; எனினும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் கலந்தாய்வுக்கும் அழைப்பு வரும். அந்நாளைத் தவறவிட்டால் பெற்ற மதிப்பெண் பயன்படாமற் போகலாம். மத்திய அரசில் 2016 ஜனவரி 1 முதல் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழில் பதிவுபெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அங்கேயும் திறன் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கான நாட்கள் உண்டு. இத்தகைய அழைப்புக்கு நம் வேலைதான் இடம்விட வேண்டும். பாவு போடும் நாளைத்தான் தள்ள வேண்டும்.

தனியார் நிறுவனங்களின் நிலை வேறு. அங்கே நாளைக் குறிப்பவர் ஓர் அதிகாரி. அவருக்கும் பல அலுவல்கள் உண்டு. வேலையில் இருப்பவரைத்தான் அழைக்கின்றோம் என்பதை அவர் அறிவார். முறையாகக் கேட்டால் காலைக்குப் பதில் மாலை, வியாழனுக்குப் பதில் சனி என்று மாற்றித் தருவது வழக்கத்தில் உள்ளதே. முதற்சுற்றைத் தொலைபேசியிலோ காணொளியிலோ நடத்துவோரும் பலர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கால்மணி நேரப் பேச்சுக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவிடுமுன், முதற்பேச்சைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் அமைத்துக்கொள்வது சிக்கனம்.

கேட்கும் முறை

நாளை மாற்றக் கேட்பவர் மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அழைப்பு வந்த அன்றே கேட்க வேண்டும். முந்தின நாள் இரவு கேட்பது மரியாதையன்று. காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வேறு இரண்டு நாட்களைத் தாமே குறிப்பிட வேண்டும். “எப்பொழுதாவது வருகிறேன்” என்பது கேட்பவருக்கு வேலை வைக்கும் பேச்சாகும். மாதிரிக்கு ஒரு கடிதம்:

“ஐயா, வணக்கம். தங்கள் அழைப்பு இன்று கிடைத்தது, மிக்க நன்றி. நான் இப்பொழுது நெசவுப் பணியில் இருக்கின்றேன். வியாழனன்று வேறொருவர் செய்ய இயலாத வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றேன். சனிக்கிழமை எந்நேரமும், அல்லது திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், தங்களுக்கு வசதியாயின் நேரில் வரக் காத்திருக்கின்றேன். மாற்ற இயலாதாயின் குறித்த நாளிலேயே வந்துவிடுகின்றேன், தெரிவிக்க வேண்டுகின்றேன்.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. உண்மையிலேயே வர இயலுமானால்தான் அதை எழுத வேண்டும். எழுதினால் கதவு அடைபடாது. ஒருமுறை மாற்றிக் கேட்டவர் மறுமுறையும் கேட்டல் ஆகாது.

தறியில் இருக்கும்பொழுது தொலைபேசி அழைப்பு வந்தால் நாடாவின் ஓசைக்கு நடுவே பேச முற்படலாகாது. “இப்பொழுது வேலையில் இருக்கின்றேன், மதியம் ஒரு மணிக்கு நானே அழைக்கட்டுமா?” என்று கேட்பது போதும். சொன்ன நேரத்தில் தவறாமல் அழைத்துவிட வேண்டும்.

இப்போதைய வேலையிடத்தில்

விடுப்புக் கேட்பதற்காக இல்லாத நோயை உண்டாக்குவோரும், ஏற்கெனவே காலமான பாட்டியை மீண்டும் ஒருமுறை இறக்கச் செய்வோரும் உண்டு. சிறிய ஊரில் பொய் நெடுநாள் தங்காது. முழுக் காரணத்தையும் விரித்துச் சொல்ல வேண்டும் என்பதில்லை, “சொந்த அலுவலாக ஒரு நாள் வெளியூர் போகவேண்டும், அதற்குள் இந்த வேலையை இந்த அளவில் முடித்துவைக்கின்றேன்” என்பது உண்மையும் ஆகும், போதுமானதும் ஆகும்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். தனியார் முதலாளியிடம் நெய்யும் குடும்பங்களில் பல, கலியாணத்திற்கோ வைத்தியத்திற்கோ வாங்கிய முன்பணத்திற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. வேறு வேலை தேடுவது தெரிந்தால் ‘முன்பணத்தை இப்பொழுதே வை’ என்னும் நெருக்கடி வருமென்று அஞ்சி, வந்த அழைப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட இளைஞர்கள் நம்மிடையே உண்டு. இவர்களுக்கு நாம் சொல்வது இது: வேலை கிடைக்கும் முன் எவரிடமும் அறிவிக்க வேண்டுவதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் “எப்பொழுது சேர இயலும்?” என்று கேட்டால், “நாளைக்கே” என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். தறியில் உள்ள பாவை நெய்து முடிக்கவும், பெற்ற பட்டுக்கும் ஜரிகைக்கும் எடைக்கணக்குத் தீர்க்கவும், முன்பணத்தைத் திருப்பித் தவணை பேசவும் எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாளைக் கேளுங்கள். பழைய கடமையை முடித்துவிட்டு வருகின்றேன் என்பவரை நம்பலாம் என்பது நல்ல அதிகாரிக்குத் தெரியும்.

சங்கம் செய்யக்கூடியது

முன்பணத்தைக் காட்டி மனிதரைக் கட்டிவைக்கும் முறைக்கு மாற்றாகவே கூட்டுறவு தோன்றியது. ஆகையால் சங்கத்தின் நடத்தை தனியார் முதலாளியின் நடத்தையினும் மேலானதாக இருத்தல் வேண்டும். தேர்வுக்குச் செல்லும் அங்கத்தினர், சேலை ஒப்படைக்கும் நாளை இரண்டு நாள் தள்ளிக் கேட்டால் காரியதரிசி முகம் சுளிக்கலாகாது. தீபாவளிக்கும் தை மாதக் கலியாணங்களுக்கும் முந்திய வாரங்களில் அது இயலாதெனில், அதைக் காரணத்தோடு முன்னதாகவே தெரிவிக்கலாம். காணொளித் தேர்வுக்கு அமைதியான இடம் இல்லாத வீடுகள் பல. சங்க அலுவலகத்தில் ஓர் அறையை ஒரு மணி நேரம் திறந்துவிடுவதால் சங்கத்திற்கு யாதொரு நட்டமும் இல்லை.

அங்கத்தினரும் ஒருவருக்கொருவர் உதவலாம். இன்று நான் உன் தறிக்குத் துணை அமர்கின்றேன், நாளை நீ என் மனைக்கு இலை போடு என்னும் கைமாற்று நம் தெருக்களுக்குப் புதியதன்று. நடவுக்கும் அறுவடைக்கும் கைகொடுக்கும் நாம், ஒரு பிள்ளையின் தேர்வு நாளுக்குக் கைகொடுக்கத் தயங்குவானேன்?

பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய்விட்டால் தறியில் அமர்வார் யார் என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை, நல்ல கூலியிலும் நிறைந்த வேலையிலும் இருக்கின்றதேயன்றி, வந்த அழைப்பை மறைப்பதில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு, தறியே மேல் என்று தெளிந்து திரும்பி வருபவரும் உண்டு. அத்தகையவருக்கு, கணக்கைத் தீர்த்து முறையாக விடைபெற்ற வீட்டில் எந்நாளும் இடம் இருக்கும். அறுத்துப்போட்டு ஓடிய பாவை மீண்டும் பிணைப்பதுதான் அரிது.