கடலை மிட்டாயும் கடலோரக் காற்றும்

சென்னையில் கோடைச் சாயங்காலம் ஒன்றில் உணவுத் திருவிழாவுக்குள் நுழைந்தால், எங்கள் பக்கத்துச் சரக்கு எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். ஜிகர்தண்டாவும் பிரியாணியும் விற்கும் கடைகளை நெருங்கவே முடியாது. புகை, தோசைக்கல் சூடு, தோளோடு தோள் உரசும் கூட்டம். எப்படியோ நீந்திப் போய்க் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க் கடையைக் கண்டுபிடித்து ஒரு வில்லையை எடுத்தால் விரலில் ஒட்டும், கடித்தால் பல்லில் இழுபடும். நல்ல சரக்குதான். கோவில்பட்டியில் கடிக்கும்போது ‘படக்’கென்று உடையும் அதே மிட்டாய்தான். பெட்டியைத் திறந்து வைத்த சில மணி நேரத்தில் அது வேறு பண்டமாகிவிடுகிறது. சமைத்தவர் கையில் குறையில்லை. ஊர்க்காற்று மாறியதுதான் காரணம்.

எப்படி என்று தெரிய, பாகு காய்ச்சும் இடத்துக்குப் போக வேண்டும்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினால் முதலில் கொதிப்பது தண்ணீர்தான். ஆனால் வெறும் தண்ணீரைப் போல அது 100 டிகிரியோடு நிற்பதில்லை. தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரையின் அடர்த்தி கூடும், கொதிநிலையும் கூடவே ஏறும். நூற்றில் எண்பது பங்கு சர்க்கரையாக இருக்கும்போது ஏறக்குறைய 112 டிகிரி. தண்ணீர் நூற்றில் ஒன்றிரண்டு பங்காக வற்றும்போது 150 டிகிரியை ஒட்டி நிற்கும். பாகு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றால், அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்றுதான் பொருள். மிட்டாய் போடுகிறவர்கள் வெப்பமானி வைத்துக்கொள்வதில்லை. கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள். கரைந்தால் பதம் வரவில்லை. திரட்டி உருட்ட வந்தால் அது உருட்டுப் பதம், அதிரசத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. இன்னும் காய்ச்சி, சொட்டு கல்லாக இறுகி, எடுத்துப் போட்டால் ‘டங்’ என்று ஓசை வர வேண்டும். அந்த நொடியில் வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக் கட்டையால் தேய்த்து, சூடு ஆறுமுன் வெட்டிவிட வேண்டும். மேலே இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவுவார்கள். கோவில்பட்டி மிட்டாயை மற்ற ஊர் மிட்டாயிலிருந்து பார்த்தவுடன் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய துருவல்தான். 2020 ஏப்ரலில் இந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த ‘டங்’ ஓசைக்குள்தான் விஷயம் இருக்கிறது. சர்க்கரை இறுகுவதற்கு இரண்டு வழி உண்டு. கற்கண்டில் அதன் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கும். அது படிகம். கடலை மிட்டாயிலோ சூட்டில் அலைந்துகொண்டிருந்த மூலக்கூறுகள் வரிசை கட்ட நேரம் கிடைக்காமல், திருவிழா நெரிசலில் நகர முடியாமல் நிற்கும் கூட்டத்தைப் போல, இருந்த இடத்திலேயே உறைந்துபோகின்றன. ஜன்னல் கண்ணாடியும் இதே நிலையில் இருப்பதுதான். கண்ணாடியைப் போலவே பளபளக்கும், கண்ணாடியைப் போலவே நொறுங்கும். பாகு படிகமாகிவிடாமல் காப்பதில் வெல்லத்துக்கும் பங்கு உண்டு. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கும். வேறு வடிவமுள்ள இந்த மூலக்கூறுகள் குறுக்கே நின்று, சுக்ரோஸை அடுக்கவிடாமல் தடுக்கின்றன.

உதவி செய்யும் அதே ஃபிரக்டோஸ்தான் ஈரத்துக்கும் வழி திறந்துவிடுகிறது. காற்றிலிருந்து தண்ணீரை இழுப்பதில் அது சுக்ரோஸைவிடப் பெரிய ஆள். ஒவ்வொரு கண்ணாடிப் பொருளுக்கும் அது இளகத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. ஈரமே இல்லாத சுக்ரோஸ் கண்ணாடிக்கு அது 60 டிகிரிக்கு மேல். மூன்று நான்கு விழுக்காடு தண்ணீர் ஏறினால் போதும், அந்த எல்லை அறை வெப்பநிலைக்கே இறங்கிவிடும். சிறிய தண்ணீர் மூலக்கூறுகள் சர்க்கரை மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து, அவை நகர இடம் உண்டாக்கிவிடுகின்றன. அதன் பிறகு கையில் இருப்பது கண்ணாடி அல்ல, மிகமிகக் கெட்டியான பாகு. அதனால்தான் ஒட்டுகிறது, இழுபடுகிறது.

சென்னையில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. 2022 ஆகஸ்டில் சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா நடந்த தீவுத்திடல் கடலுக்குப் பக்கம். 2024 டிசம்பரில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உணவுத் திருவிழா நடத்திய இடம் மெரினா கடற்கரையேதான். கோடையில் மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று நமக்கு எவ்வளவு சுகமோ, மிட்டாய்க்கு அவ்வளவு கேடு. 32 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாயங்காலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். எங்கள் ஊர் கடம்பூரில் 38 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மத்தியானம் என்றால் 14 கிராம்தான். சென்னையைவிட வெயில் கூடுதல், தண்ணீரோ ஏறக்குறைய பாதி. போதாததற்குக் கூட்டமும் சேர்கிறது. வெக்கையில் நடமாடும் ஒருவர் உடம்பிலிருந்து மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று வியர்வை போகும். ஆயிரம் பேர் கூடிய திடலில் அந்த வியர்வையும், குழம்புச் சட்டிகளின் ஆவியும், இட்லிக் கொப்பரையின் ஆவியும் கலக்கும் இடம் அதே காற்றுதான்.

எங்கள் கரிசல் காட்டுக்கு இந்த வறட்சி மேற்கு மலையால் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடும். கயத்தாறு பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுற்றவைப்பது அந்தக் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் கைகொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். விவசாயிக்கு இது காலகாலமான துயரம். ஆனால் ஈரம் ஆகாத தொழில்களுக்கு இந்தக் காற்று பெரிய துணை. கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் கோவில்பட்டி, சாத்தூர் வரை பரவி நிலைத்ததற்கு இந்த உலர்ந்த வானிலை ஒரு முக்கியக் காரணம். மருந்து தோய்த்த குச்சி இங்கே வெறும் காற்றிலேயே காயும். தீக்குச்சியைக் காயவைக்கும் காற்றுதான் மிட்டாயையும் மொறுமொறுப்பாக வைத்திருக்கிறது. கோவில்பட்டி மிட்டாய்க்குத் தாமிரபரணித் தண்ணீரைப் புகழ்வார்கள், கரிசல் கடலையைப் புகழ்வார்கள். காற்றுக்கும் அந்தப் புகழில் பங்கு தர வேண்டும் என்பது என் கட்சி.

கடம்பூருக்கென்று பேர் வாங்கித் தந்த போளியின் கதை இதற்கு நேர்மாறு. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் வண்டி நின்றதும் ஜன்னலோரம் வந்து சேரும் அந்தப் போளி மென்மையாக இருந்தால்தான் போளி. அதற்கு ஈரம் வேண்டும். மைதாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவிடுவது, மாவிலுள்ள புரத வலை தளர்ந்து, பூரணத்தைச் சுற்றிக் கிழியாமல் மெல்லிசாக விரிவதற்காக. கல்லில் வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீர் குடித்து உப்பி மிருதுவாகின்றன. சூடு ஆறியதும் அந்த மாவுச்சத்து மெல்ல மறுபடி வரிசை கட்டத் தொடங்கும். போளி விறைத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் காய்ந்துபோவதால் அல்ல. இந்த மாற்றம் மிக வேகமாக நடப்பது குளிர்சாதனப் பெட்டியின் குளிரில். கெட்டுவிடுமே என்று போளியை உள்ளே வைக்கிறவர்கள், கெடாத ஆனால் அட்டை போன்ற போளியைத்தான் வெளியே எடுப்பார்கள். தோசைக்கல்லில் போட்டு 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கட்டிய வரிசை குலைந்து மென்மை திரும்பிவிடும். ஆகவே போளியைச் சென்னைத் திருவிழாவுக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம், கடையில் ஒரு கல் இருந்தால் போதும். கடற்காற்றும் அதற்குப் பகையல்ல.

கடலை மிட்டாய்க்கு அந்த மறுவாழ்வு கிடையாது. ஈரம் ஏறி இளகிய மிட்டாயை அப்படியே விட்டால், நகர இடம் கிடைத்த சுக்ரோஸ் மூலக்கூறுகள் மேல்பரப்பில் படிகமாகத் தொடங்கும். பளபளப்பு மங்கி, சொரசொரவென்று மாவாக உதிரும். வெயிலில் வைத்தாலும் அது பழைய கண்ணாடியாகத் திரும்பாது, மறுபடி உருக்கிக் காய்ச்சினால்தான் உண்டு. திருவிழாவில் கடை போடுகிறவர்கள் தட்டில் குவித்து அழகு காட்ட வேண்டாம். ஒட்டிய பாக்கெட்டாகவே அடுக்கி வையுங்கள். வாங்குகிறவர்களும் சின்னப் பாக்கெட்டாகக் கேட்டு வாங்கி, பிரித்ததை அங்கேயே தின்று முடித்துவிடுவது நல்லது.